பஞ்சு பட்ட இடம்

'ஒன்றுமில்லை' என்ற ஒரு சொல் என்னை ஏழு மாதம் அலைக்கழித்தது. வலதுபக்கக் கீழ்த்தாடையில் இருந்த ஞானப்பல்லை எடுத்த பிறகு அந்த இடத்தில் தங்கிப்போன வலிக்காக நான் பார்த்த ஒவ்வொருவரும் வாயைத் திறக்கச் சொன்னார்கள், விளக்கடித்துப் பார்த்தார்கள், எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்கள், கடைசியில் இந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். யாரும் அலட்சியமாகச் சொல்லவில்லை. நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார்கள். முதல் இரண்டு தடவை நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். சீழ் இல்லை, எலும்பில் குறையில்லை, அப்பாடா என்று எழுந்து வந்தேன். வாசலைத் தாண்டும்போதே நாக்கு தன்னால் அந்தப் பக்கம் போய்த் தொட்டுப் பார்க்கும். தொட்ட இடம் காந்தும். ஒன்றுமில்லாத இடம் எப்படிக் காந்தும் என்பதை யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

எழுத்துப் பிழை திருத்துவது என் வேலை. ஒரு சொல் தன் இடத்தில் சரியாக உட்காரவில்லையென்றால் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். 'ஒன்றுமில்லை' அப்படித்தான் உறுத்தியது. 'படத்தில் ஒன்றும் தெரியவில்லை' என்று சொல்லியிருந்தால் சரி, அந்த வாக்கியம் படத்தைப் பற்றியது. 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்றால் அது என்னைப் பற்றியதாகிவிடுகிறது. எவ்வளவு சின்ன வித்தியாசம் என்று தோன்றலாம். எனக்கு அந்த வித்தியாசத்தில் ஏழு மாதமும் ஒரு நல்ல பல்லின் உயிரும் போயின. இதை எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். இதே இடத்தில் கையை வைத்துக்கொண்டு, தனக்குத்தான் ஏதோ மனக்கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிற யாராவது ஒருவர் படித்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

பல் எடுத்த கதையில் சொல்ல அதிகமில்லை. அப்போது எனக்கு 31 வயது. பல் முழுசாக வெளியே வராமல் முன்னால் இருந்த பல்லின்மேல் சாய்ந்து கிடந்தது. வருடத்துக்கு இரண்டு முறை ஈறு வீங்கி வாயைத் திறக்க முடியாமல் போகும். எடுக்க வேண்டிய பல்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லை இரண்டாக உடைத்து எடுத்தார்கள். 40 நிமிடம் ஆனது. மூன்றாம் நாள் வலி கூடியதும் ட்ரை சாக்கெட்டாக இருக்குமோ என்று பார்த்தார்கள். பல் எடுத்த குழியில் உறைந்திருக்கும் ரத்தக்கட்டி கரைந்தோ கழன்றோ போய், அடியில் எலும்பு வெறுமையாகத் தெரிவதுதான் அது. கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்குச் சாதாரணமாக வரக்கூடியது. எனக்குக் கட்டி அப்படியே இருந்தது. ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். புண் அழகாக ஆறிவருகிறது என்றார்கள்.

ஆறிக்கொண்டுதான் வந்தது. எடுத்த இடத்தின் கனமான, தாடையையே இழுக்கிற வலி இரண்டாவது வாரத்தில் நன்றாகக் குறைந்தது. அது வடிய வடிய அதன் அடியிலிருந்து வேறொன்று மேலே வந்தது. முதலில் புண் ஆறும்போது வருகிற அரிப்பு என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆயிற்று. புண் மூடி, ஈறு மற்ற பக்கம் போலவே இளஞ்சிவப்பாக ஆகிவிட்டது. காந்தல் மட்டும் நின்றபடி நின்றது. பல் துலக்கும்போது பிரஷ் ஓரம் பட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். காலையில் கண் விழித்ததும் இரண்டு மூன்று விநாடி ஒன்றும் இருக்காது. வாய் சாதாரணமாக, மற்றவர்கள் வாய் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். பிறகு யாரோ அடுப்பைப் பற்றவைத்தது போல மெல்ல ஏறும். அந்த இரண்டு மூன்று விநாடிக்காக நான் கண்ணைத் திறக்காமல் படுத்திருந்த நாட்கள் உண்டு.

பத்துக்கு எவ்வளவு?

போகிற இடமெல்லாம் கேட்ட கேள்வி இது. வலியே இல்லையென்றால் 0, தாங்கவே முடியாதென்றால் 10, உங்கள் வலி எவ்வளவு? நான் ஒவ்வொரு தடவையும் நேர்மையாக யோசித்து '4' என்றேன். பிள்ளை பெற்றவள் நான், 10 என்றால் என்னவென்று தெரியும். 4 என்றதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு தளர்வு வரும். பேனா கீழே போகும். 4 என்பது மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற வலி. அதையும் செய்தேன், வழக்கமாகத் தரும் வலி மாத்திரைகளை நாள் கணக்கில் விழுங்கினேன், ஒரு துளி மாற்றமும் இல்லை. மாத்திரை கேட்காததே ஒரு தடயம் என்று அப்போது எனக்குத் தெரியாது. வீக்கத்தால் வருகிற வலியைத்தான் அந்த மாத்திரைகள் அடக்கும். நரம்பே தவறாக எழுப்புகிற வலியை அவை பெரிதாகத் தொடுவதில்லை.

அந்த 4 விழித்திருக்கும் நேரமெல்லாம் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு 4 என்றால் சரி. பதினாறு மணி நேரத்துக்கு 4, அதுவும் நேற்றும் இன்றும் நாளையும் 4 என்றால் அது இன்னொரு கணக்கு, அந்தக் கணக்குக்கு அந்த அளவுகோலில் இடமே இல்லை. அம்மா தொலைபேசியில் "இன்னுமாடி வலிக்குது?" என்பாள். அக்கறைதான். ஆனாலும் அந்த 'இன்னுமா'வில் என்மேல் ஏதோ குறை இருப்பது போல எனக்குப் பட ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அம்மாவிடம் "பரவாயில்லம்மா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அப்புறம் எல்லோரிடமும்.

ஒரு மருத்துவர், வயதானவர், நல்ல மனிதர், "ராத்திரி வலி எழுப்புதா?" என்று கேட்டார். இல்லை, தூக்கம் வந்துவிடுகிறது என்றேன். நிஜமான வலியென்றால் தூக்கத்தைக் கெடுக்குமே, மனசைக் கொஞ்சம் லேசாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் என்னையே சந்தேகப்பட்டேன். இந்த வகை முகவலிகளில் பலருக்குத் தூக்கம் கெடுவதில்லை, அதைவைத்து வலி நிஜமா இல்லையா என்று முடிவு கட்ட முடியாது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். வலி பற்றிய ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020இல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியபோது, கூடவே சில குறிப்புகளும் சேர்த்தது. ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொல்வதை மதிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. எவ்வளவு எளிமையான விஷயம், அதைக் குறிப்பு போட்டு எழுதிவைக்க வேண்டியிருந்திருக்கிறது.

எனக்கு இன்றைக்கும் ஆதங்கம் என்னவென்றால், எண்ணைக் கேட்ட யாரும் சொல்லைக் கேட்கவில்லை. தமிழில் வலிக்கு எத்தனை சொல் இருக்கிறது. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், காந்தல், தெறிப்பு, இழுப்பு, மதமதப்பு. விண்விண் என்று தெறிக்கும், சுரீர் என்று இழுக்கும், நமநம என்று இருக்கும். பல்லில் சீழ் கட்டினால் விண்விண் என்று நாடித்துடிப்போடு சேர்ந்து தெறிக்கும். தாடை மூட்டிலும் தசையிலும் கோளாறென்றால் கடுக்கும், உளையும். நரம்பு அடிபட்டால் காந்தும், சுரீர் என்னும், மரத்தும் போகும். நம் பாட்டிமார்கள் இந்தச் சொற்களை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகப் போட மாட்டார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு நோவைச் சொல்கிறது. வலியை ஆராய்ந்த உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாத்தாளும் இதே நம்பிக்கையில் பிறந்ததுதான். நோயாளிகள் வலியைச் சொல்லப் பயன்படுத்தும் 78 சொற்களை அவர் வகைபிரித்து அதில் வைத்தார். வலியின் அளவைவிட அதன் குணம் பல சமயம் அதிகம் சொல்லும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாள் முழுக்கச் சொற்களோடு பிழைக்கிற நானே மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் 'வலிக்குது, 4' என்று இரண்டே சொல்லில் நின்றுவிட்டேன். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

பக்கத்துப் பல்

மூன்றாவது மாதம் இன்னொரு பல் மருத்துவரிடம் போனேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். எடுத்த பல்லுக்கு முன்னால் இருந்த கடைவாய்ப்பல்லில் குளிரூட்டிய பஞ்சை வைத்து, ஜில்லென்று இருக்கிறதா என்று கேட்டார். இடதுபக்கப் பல்லில் வைத்தபோது சுள்ளென்று இருந்தது. இந்தப் பக்கம் ஏதோ தூரத்தில் வைத்தது போலத்தான் தெரிந்தது. பல்லின் உள்ளே இருக்கும் கூழ் செத்துக்கொண்டிருக்கிறது, அதுதான் வலி, ரூட் கெனால் செய்துவிடலாம் என்றார். ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்தது. ஒரு பல், ஒரு காரணம், ஒரு சிகிச்சை. நான் உடனே சரி என்றேன்.

மூன்று அமர்வில் முடிந்தது. மரத்துப்போகும் ஊசி வேலை செய்த நேரத்தில் காந்தல் ஓரளவு அடங்கியது, எனக்கு நம்பிக்கை வந்தது. இரண்டு நாள் கழித்துப் பழையபடி வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் பரவியும் வந்தது. ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். பார்த்தோம். இரண்டு மாதம் பார்த்தோம். ஐந்தாவது மாத முடிவில், அந்தப் பல்லையும் எடுத்துவிட்டால் நல்லது என்றார். நான் நாள்கூடக் குறித்துவிட்டேன். முந்தின நாள் மாலையில் கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதையும் எடுத்து, வலி அதற்கு முந்தின பல்லுக்கு நகர்ந்தால்? எனக்கு இதைவிட நல்ல காரணம் எதுவும் இல்லை. பயம்தான். தொலைபேசியில் அழைத்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்படி ஒவ்வொரு பல்லாக இழந்தவர்கள் இருக்கிறார்கள். பல்லை எடுத்த பிறகும் அந்தப் பல்லிலேயே வலி இருப்பதாகச் சொல்கிறவர்களைப் பற்றி முகவலிகளை ஆராய்ந்த பல் மருத்துவர் ஜோசப் மார்பாக் 1978இல் எழுதினார். கையோ காலோ இழந்தவர்களுக்கு இல்லாத உறுப்பில் வலி வருவதைப் போல இதையும் இல்லாத பல்லின் வலி என்று அழைத்தார். இப்படிப்பட்டவர்களுக்கு அடுத்தடுத்துச் செய்யும் பல் சிகிச்சைகள் பல சமயம் வலியைக் கூட்டிவிடுகின்றன. ஒவ்வொரு ரூட் கெனாலும் ஒவ்வொரு பிடுங்கலும் அந்த நரம்பின் கிளைகளில் இன்னொரு காயம். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது.

பஞ்சு

ஏழாவது மாதம் வாய், முகம் சம்பந்தப்பட்ட வலிகளை மட்டுமே பார்க்கும் ஒரு மருத்துவரைப் பார்க்கப் போனேன். என் கோப்பை வாங்கி மேசை ஓரமாக வைத்தார். வாயைத் திறக்கச் சொல்லவில்லை.

"சொல்லுங்கம்மா. ஆனா வலின்னு சொல்லாம சொல்லுங்க," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வலிங்கிற வார்த்தையை விட்டுடுங்க. அந்த இடத்துல என்ன நடக்குது, அதைச் சொல்லுங்க. எது மாதிரி இருக்குன்னாலும் சரி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு "காந்துது டாக்டர். சூடான பாத்திரத்தத் தொட்டுட்டுக் கையை எடுத்தப்புறம் விரல் இருக்குமே, அப்படி. அந்தச் சூடு ஆறவே மாட்டேங்குது," என்றேன். வேற? "ஏதாவது பட்டா சுரீர்னு இழுக்கும்." எங்கிருந்து எதுவரைக்கும்? நான் விரலால் ஈறிலிருந்து தாடை நுனி வரை கோடு இழுத்துக் காட்டினேன். பட்டதும் வருதா, பட்டுட்டுப் போனப்புறமும் இருக்கா? போனப்புறமும் ரொம்ப நேரம் இருக்கும் என்றேன். நான் சொன்னதை அவர் சொன்னபடியே தாளில் எழுதிக்கொண்டிருந்தார். தலைகீழாகத் தெரிந்த அந்த எழுத்தைப் படித்தேன். 'காந்தல். ஆறாத சூடு. சுரீர்.' என் கோப்பில் முதல்முறையாக என் சொற்கள் இருந்தன.

பிறகு ஒரு பஞ்சுத் துண்டிலிருந்து இழை இழையாகக் கொஞ்சம் பிரித்து, நுனியைத் திரித்தார். கண்ணை மூடச் சொன்னார். படும்போது 'ம்' என்று சொன்னால் போதும். இடது கன்னம், இடது உதட்டோரம், இடது முகவாய். ம், ம், ம். ஒரு பூச்சி ஊர்வது போல மெலிதாகத் தெரிந்தது. வலது கன்னம், ம். வலது உதட்டுக்குக் கீழே வந்ததும் நான் நின்றுவிட்டேன். பட்டது தெரிந்தது. ஆனால் அது இடதுபக்கம் பட்ட பஞ்சு இல்லை. "துணிக்கு மேல படற மாதிரி இருக்கு," என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி வெளியிலிருந்து உள்ளே, வெளியிலிருந்து உள்ளே என்று தொட்டுக்கொண்டே வந்து, மாறுகிற இடத்திலெல்லாம் பேனாவால் புள்ளி வைத்தார். புள்ளிகளைச் சேர்த்துக் கைபேசியில் படம் எடுத்துக் காட்டினார். உதட்டுக்குக் கீழே, கட்டைவிரல் ரேகை அளவுக்கு ஒரு தீவு.

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. பல் எடுத்ததிலிருந்து சாப்பிடும்போது என் முகவாயில் ஏதாவது ஒட்டியிருந்தால் எனக்குத் தெரிவதில்லை. மகள்தான் எதிரிலிருந்து தன் முகவாயைத் தொட்டுக் காட்டி, "அம்மா, இங்க" என்பாள். நானும் துடைத்துக்கொள்வேன். ஏழு மாதமாக ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நடந்திருக்கும். ஏழு வயதுக் குழந்தை தினமும் காட்டிக்கொடுத்த இடத்தை நான் கவனிக்கவேயில்லை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை, எல்லோரும் வலி எங்கே என்றுதான் கேட்டார்கள், உணர்வு எங்கே குறைவு என்று கேட்கவில்லை.

கடைசியாக அதே பஞ்சை ஈறில் வைத்தார். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். கம்பியைக் காய்ச்சி இழுத்தது போல இருந்தது. கண்ணைத் திறந்தபோது அவர் கையில் இருந்ததைக் காட்டினார். "பாருங்க, பஞ்சுதான்," என்றார். "பஞ்சு பட்டு வலிக்கக் கூடாது. உங்களுக்கு வலிக்குது. அப்போ உங்களுக்கு இருக்கறது இதுதான்."

நான் அழுதேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு, நான் முடிக்கும் வரை கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

நரம்பு போகும் வழி

அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். முகத்தின் உணர்வைச் சுமக்கும் ட்ரைஜெமினல் நரம்பு மூன்றாகப் பிரிகிறது. மூன்றாவது பிரிவின் ஒரு கிளை கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் வழியாக ஓடுகிறது. கீழ்ப் பற்களுக்கு இழை கொடுத்துக்கொண்டே வந்து, முன்னால் ஒரு சின்னத் துளை வழியாக வெளியேறி, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் போகிறது. கீழ் ஞானப்பல்லின் வேர்கள் சிலருக்கு இந்தக் குழாயை ஒட்டியே இருக்கும். இன்னொரு கிளை நாக்குக்குப் போகிற வழியில் அதே பல்லின் உட்பக்கமாக, எலும்புக்கு மிக அருகில் செல்கிறது. பல்லை எடுக்கும்போது குழாய்க்குள் இருக்கும் நரம்பு நசுங்கலாம், இழுபடலாம், உள்ளே ரத்தம் கட்டி அழுத்தலாம். மிகக் கவனமாகச் செய்தாலும் நடக்கக்கூடியதுதான். வேர் ரொம்ப ஒட்டியிருந்தால் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை அப்படியே விட்டுவிடும் முறையும் இருக்கிறது. என் பழைய எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுக் காட்டினார். குழாயின் வெள்ளைக் கோடு வேரின் நுனிக்கு வந்த இடத்தில் அறுந்திருந்தது. படத்திலும் ஒன்றுமில்லாமல் இல்லை.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இப்படி அடிபட்ட நரம்புகள் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே சரியாகிவிடுகின்றன. உணர்வுக் குறைவு நிரந்தரமாகத் தங்குவது கீழ் ஞானப்பல் எடுக்கும் 100 பேரில் ஒருவருக்கும் குறைவு. அப்படித் தங்குகிறவர்களில் ஒரு பகுதியினருக்குத்தான் கூடவே வலியும் வருகிறது. ஆனால் பல் எடுத்த மறுநாளும் உதடோ நாக்கோ மரத்தே இருந்தால் 'ஊசி இன்னும் இறங்கவில்லை போல' என்று இருந்துவிடக் கூடாது. அந்த மரப்பு சில மணி நேரத்தில் இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையென்றால் அன்றைக்கே சொல்ல வேண்டும், சீக்கிரம் செய்தால் பயன்தரக்கூடிய சிகிச்சைகள் சில இருக்கின்றன. நான் வீக்கம் என்று நினைத்துவிட்டேன்.

பக்கத்துப் பல்லின் கதையும் அன்றைக்குத்தான் விளங்கியது. குளிர் அதில் மந்தமாகத் தெரிந்ததற்குப் பல் காரணமே இல்லாமல் இருந்திருக்கலாம். அந்தப் பல்லுக்கும் இழை கொடுப்பது அதே நரம்புதான். கம்பி அறுபட்டால் விளக்கு எரியாது, விளக்கைக் கழற்றி என்ன பயன்? நல்ல பல்லாகவே இருந்திருக்கலாம் என்றார். அவர் அந்த மருத்துவரைக் குறை சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை, ஆனால் அந்தப் பல்லை நினைத்தால் இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்த வலிக்குப் பெயர் இருக்கிறது, காயத்துக்குப் பின் வரும் ட்ரைஜெமினல் நரம்பு வலி. 2020இல் வெளியான வாய்முக வலிகளுக்கான சர்வதேச வகைப்பாட்டில் இதற்குத் தனி இடம் உண்டு. அதே வகைப்பாட்டில், பஞ்சு வைத்துப் பார்த்தாலும் படம் எடுத்துப் பார்த்தாலும் காரணமே பிடிபடாத வலிக்கும் இடம் இருக்கிறது. நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து வந்தால் அதற்கும் ஒரு பெயர் உண்டு, சிகிச்சை உண்டு. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காரணம் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டே நோயாளியை உள்ளே உட்கார வைக்க முடிகிறது. என் தீவு ஒரு வாரத்தில் மறைந்துபோயிருந்தால், காந்தல் மட்டும் மிஞ்சியிருந்தால், நானும் அந்தப் பக்கத்தில்தான் இருந்திருப்பேன். என் வலி அப்போதும் இதே வலியாகத்தான் இருந்திருக்கும்.

பல் எடுப்பதற்கு முன் நான் கையெழுத்துப் போட்ட தாளை வீட்டில் தேடி எடுத்தேன். 'கீழுதடு தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ மரத்துப்போக வாய்ப்புண்டு' என்று ஒரு வரி இருக்கிறது. வலி தங்கலாம் என்று எங்கும் இல்லை. மரத்துப்போவதையும் வலியையும் நாம் எதிரெதிராகவே நினைக்கிறோம். மரத்த இடத்தில் வலி இருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போல இருக்கிறது. ஆனால் அடிபட்ட நரம்பு ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யும். வெளியே தொட்டால் தெரியாது, உள்ளே தொடாமலே எரியும். அந்தத் தாளில் இன்னும் ஒரே ஒரு வரி இருந்திருந்தால், இரண்டாவது மாதத்திலேயே என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

இரவில் போட ஒரு மாத்திரை கொடுத்தார், அமிட்ரிப்டிலின், 10 மில்லிகிராம். பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்துப் படித்தால் மனச்சோர்வுக்கான மருந்து என்று போட்டிருந்தது. எனக்குத் திக்கென்றது. இவரும் கடைசியில் மனசு என்றுதான் சொல்கிறாரோ என்று மறுநாளே கேட்டுவிட்டேன். மனச்சோர்வுக்குத் தரும் அளவு இதைவிடப் பல மடங்கு, இந்தச் சின்ன அளவில் அது தண்டுவடத்திலும் மூளையிலும் வலியைக் கட்டுப்படுத்தும் பாதைகளில் வேலை செய்கிறது என்று விளக்கினார். முழுசாகப் போய்விடுமா என்று கேட்டேன். "ஏழு மாசம் ஆயிடுச்சு, போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். குறைக்கலாம். அதுக்கும் சில வாரம் பொறுக்கணும்," என்றார். அதுவரை கேட்ட எல்லா 'சரியாயிடும்'களையும்விட இந்தப் பதில் எனக்குத் தெம்பாக இருந்தது.

வாய் உலர்ந்தது, முதல் பத்து நாள் காலையில் தலை கனத்தது. ஐந்தாவது வாரத்தில் ஒரு பிற்பகல், ஒரு பெரிய கோப்பைத் திருத்தி முடித்து நிமிர்ந்தபோது, ஒரு மணி நேரமாக வாயைப் பற்றிய நினைவே வரவில்லை என்று உறைத்தது. நினைத்ததும் காந்தல் வந்தது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்துவிட்டது. இப்போது அப்படிப்பட்ட மணிகள் ஒரு நாளில் நிறைய இருக்கின்றன. இல்லாத நாட்களும் இருக்கின்றன. அம்மாவிடம் 'பரவாயில்லை' என்று சொல்வதை விட்டுவிட்டேன். "இன்னைக்குக் காந்தல் கம்மி, சுரீர்தான் ரெண்டு தடவை வந்துது" என்று சொல்கிறேன். அவளும் இப்போது "இன்னுமா" என்று கேட்பதில்லை. "சுரீர் வந்துதா?" என்று கேட்கிறாள்.

பல் எடுத்து இப்போது 16 மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பஞ்சைப் பிரித்து நுனியைத் திரிப்பேன். மகள் பக்கத்தில் முட்டிபோட்டு, நான் கண்ணை மூடிக்கொண்டு 'ம்' சொல்லும் இடத்திலெல்லாம் கண் மையால் புள்ளி வைப்பாள். தீவு கொஞ்சம் சின்னதாகியிருக்கிறது, ரொம்ப இல்லை. அது முடிந்ததும் ஈறை நானே பார்த்துக்கொள்வேன், அதை அவளிடம் விடுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவை வைத்தபோது பஞ்சு பஞ்சாகத்தான் பட்டது. இரண்டாவது தடவை வைத்தேன், காந்தியது.